வயது கூடிப்போன ரைட் பேக்

அல்லிநகரத்தில் நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பெயர் சுருளிராஜன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் டைப் அடிப்பதுதான் தொழில். என் பிள்ளைகள் பிறந்த தேதியைவிட அதிக முறை நான் அடித்தது 11-06-1990 என்ற தேதியைத்தான். அது விஜயபாண்டியின் தேதி. ஒவ்வொரு கிளப் மாறும்போதும் படிவம், ஒப்பந்தம், ரயில் டிக்கெட் எல்லாம் என் கடையில்தான். அவனுக்கென்று கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரே உண்டு.

பாண்டியும் என்னைப்போல வடுகபட்டிக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். அப்பா ராக்கப்பன் பூண்டு மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா பவுனு அதே மண்டியில் பூண்டு தரம் பிரிக்கிறார். கால்பந்து விளையாடியே பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவன் பாண்டி. ஆனாலும் நீங்கள் அவனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெரிய லீக் எதிலும் அவன் ஆடவில்லை. சென்னையில் இரண்டாம் டிவிஷன், கொல்கத்தாவில் அதற்கும் கீழே ஒரு டிவிஷன், கோவா, ஷில்லாங், ஐசால், லூதியானாவில் பனிமூட்டத்தில் பந்தே தெரியாத ஒரு சீசன், நடுவில் மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ், கடைசியாக பெங்களூரு. எட்டு மாநிலம், பதினோரு கிளப். அதில் மூன்று கிளப்புகள் இப்போது இல்லை. ஆடும் இடம் எப்போதும் ரைட் பேக்தான், வலது ஓரக் காவல். கோல் போட்டது மொத்தம் நான்கு. அதில் ஒன்று சொந்த வலைக்குள்.

ஒன்றாம் வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் ஐந்து வயது. பதிவேட்டில் பாண்டிக்கு மட்டும் ஏழு. ஆனால் வரிசையில் முதலில் நிற்பவன் அவன்தான், அத்தனை குட்டை. "ஏழு வயசுக்கு இத்தினியூண்டு இருக்கானே" என்று டீச்சர் சிரித்தார். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவன் பெயர் தாத்தா.

எட்டாம் வகுப்பில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் மாவட்ட அணிக்குப் பெரியகுளத்தில் ஆள் எடுத்தார்கள். பாண்டி நன்றாக ஆடினான். பட்டியலில் பெயரும் வந்தது. மறுநாள் அதில் கோடு போட்டிருந்தார்கள். 1991 பிறந்த பிறகு பிறந்திருக்க வேண்டும், அவன் ஆறு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். பள்ளி முடித்தபின் சென்னையில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அகாதமி ஒன்றில் மூன்று நாள் சோதனை வைத்தார்கள். நூற்றுக்கும் மேல் வந்ததில் கடைசி ஆறு பேரில் நின்றான். அங்கேயும் அதே ஆறு மாதம். தேர்வு நடத்தியவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "எல்லா அப்பனும் ரெண்டு வயசைக் குறைச்சுத்தான் கொண்டு வர்றான். உங்க அப்பா இவ்வளவு நேர்மையா இருந்திருக்க வேண்டாம்" என்றாராம். அதைப் பாண்டி என்னிடம் பெருமையாகவே சொன்னான்.

அதிகம் வலித்தது கோவாவில்தான். அப்போது அவனுக்குச் சான்றிதழ்ப்படி இருபத்து மூன்று முடிந்திருந்தது. அவன் போன கிளப்பில், இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட ஒருவனைக் கட்டாயம் இறக்க வேண்டிய போட்டி ஒன்று இருந்தது. கோச்சுக்குப் பாண்டியைத்தான் பிடித்திருந்தது. ஆனால் அந்த இடம் வேறொரு பையனுக்குப் போனது. அவனுக்குக் காகிதத்தில் இருபது வயது, முன்மண்டையில் பாதி முடி இல்லை. அந்த வருடம் அந்த வழுக்கை மண்டைக்காரன் மேல் லீக்குக்குப் போனான். பாண்டி கொல்கத்தாவுக்கு, கீழே போனான்.

2025 மே மாதம் பெங்களூரு கிளப் அவனை விட்டுவிட்டது. கோச் வயதில் சின்னவர், நேர்மையானவர். ஓட்டத்தை அளக்கும் கருவியின் கணக்கைக் காட்டியிருக்கிறார். அணியிலேயே வேகத்தில் பாண்டி இரண்டாவது. "உன் உடம்பு உன் வயசை நம்ப மாட்டேங்குது. ஆனா நிர்வாகம் அடுத்த மாசம் முப்பத்தஞ்சுங்கிற எண்ணைத்தான் பாக்குது" என்றாராம். ஊருக்கு வந்து இரண்டு மாதம் சும்மா இருந்தான். தினமும் காலையில் வராக நதிக் கரையில் ஓடுவான், வீட்டுக்கு வந்து படுப்பான்.

ஜூலையில் மலப்புறத்திலிருந்து ஹம்சக்கோயா போன் செய்தார். செவன்ஸில் பாண்டியை ஆடவைத்த பழைய மேனேஜர். இப்போது கேரள மாநில லீக்கில் ஒரு கிளப்பைக் கவனிக்கிறார். ஒரு சீசனுக்கு வரச் சொன்னார். ஒரே நிபந்தனை, கியூஆர் கோடு போட்ட புதுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பாண்டியிடம் இருந்தது அப்பா வாங்கிவைத்த பழுப்புக் காகிதம். ஆன்லைனில் தேடினேன், அந்த வருடத்துப் பதிவு ஏறவில்லை. பேரூராட்சி அலுவலகத்துக்கே போகலாம் என்று என் பைக்கில் இருவரும் கிளம்பினோம்.

அங்கே அனுசுயா என்றொரு அம்மா, பொறுமையானவர். 1990-ஆம் வருடத்துப் பதிவேட்டை அடுக்கிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினார். ஜூன் மாதத்தில் விரல் நின்றது.

"இருக்கு. ராக்கப்பன், பவுனு. ஆண் குழந்தை. விஜயபாண்டி." அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். "யாருக்குச் சார் சான்றிதழ்?"

"எனக்குத்தான் மேடம்" என்றான் பாண்டி.

"இல்ல, நீங்க விஜயபாண்டிக்கு என்ன வேணும்?"

"நான்தான் மேடம் விஜயபாண்டி."

அவர் எழுந்து போய் இன்னொரு பதிவேட்டை எடுத்து வந்தார். அதன் அட்டையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது இறப்புப் பதிவேடு. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணை வைத்துத் தேடி, புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார்.

விஜயபாண்டி. ஆண். பத்து மாதம். வயிற்றுப்போக்கு. தகப்பனார் ராக்கப்பன். இறந்த நாள் 19-04-1991.

பாண்டி சிரித்தான். "இது வேற ராக்கப்பனா இருக்கும் மேடம்."

"தாயார் பேரும் பவுனுதான். கதவிலக்கமும் அதேதான். பாருங்க."

பார்த்தான். கதவிலக்கத்தை வாய்விட்டு இரண்டு முறை படித்தான். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். அனுசுயா அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினான், குடிக்கவில்லை.

"சுருளி, அப்ப என் வயசு என்ன?" என்றான்.

நான் பைக் சாவியை எடுத்தேன்.

நேராகப் பூண்டு மண்டிக்குப் போனோம். கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் தோல் பறந்தது. பாண்டி தன் அம்மாவுக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஆத்தா, எனக்கு முன்னால ஒரு பிள்ளை பெத்தியா?"

பவுனு அத்தை கையை நிறுத்தவில்லை. "ஆமா."

"செத்துப்போச்சா?"

"ஆமாய்யா. வாந்தி பேதியில போயிட்டான்." அப்புறம்தான் நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தார். "ஏன்டா, ஒனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு?"

"ஒங்கப்பா சொல்லிட்டேன்னாகளே! நீ மொதமொத மெட்ராசுக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னாக."

பாண்டிக்கு அந்த நாள் நினைவிருந்தது. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் அப்பா அவனை ஓரமாகக் கூட்டிப்போய், "ஏலே பாண்டி, ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்திருக்கிறார். அப்புறம் "அங்கன போயி ஒடம்பைப் பாத்துக்க" என்று முடித்துவிட்டார். ராக்கப்பன் மாமா செத்து நான்கு வருடம் ஆகிறது. இனி அவரிடம் கேட்க வழியில்லை.

அத்தை சொன்னதில் மறைவு ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. மூத்தவன் போய் ஒன்றரை வருடத்தில் பாண்டி பிறந்தான், வீட்டிலேயே. அதே மூக்கு, அதே காது. பேறு பார்த்த மாயக்காள், "போனவனே திரும்பி வந்துட்டான்டி" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அதே பெயரை வைத்தார்கள். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை.

"அப்புறம் நாலரை வயசுல ஒன்னையப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனோம். எனக்கு மண்டி வேலை, வீட்டுல பாத்துக்க ஆளில்லை. சர்டிபிகேட் வேணும், அஞ்சு நெறைஞ்சிருக்கணும்னாக. ஒனக்குப் புதுசா எழுதணும்னா கோர்ட்டுக்குப் போகணும்னாக. வீட்டுல அவனோடது ஒன்னு இருந்துச்சு. பேரும் ஒன்னுதான். ஒங்கப்பா அதைக் குடுத்துட்டாக." இவ்வளவும் சொல்லிவிட்டு, "ரெண்டு வயசு கூட இருந்தா என்னய்யா? சீக்கிரமா வேலைக்குப் போகலாம்னுதான் நெனைச்சோம்" என்றார்.

"அந்த ரெண்டு வருசந்தான் ஆத்தா என் பொழப்பே."

அத்தைக்குப் புரியவில்லை. பதினான்கு வயது அணி, பத்தொன்பது வயது அகாதமி, கோவா எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. பாதியிலேயே மற்றப் பெண்களும் நறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டுவிட்டு அத்தை, "இதெல்லாம் நீ அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

தான் பிறந்தது என்றைக்கு என்று அவன் கேட்டதற்கு அத்தைக்கு மழைதான் தெரிந்தது. ஆறு கரை மீறி வந்த மழை. தெருவுக்குள் தண்ணீர். மாயக்காள் இன்னும் இருக்கிறாள், மூன்றாவது தெருவில். அவள்தான் சரியாகச் சொன்னாள்: தீபாவளி கழித்து மூன்றாவது வாரம், ஐப்பசி இருபத்தொன்பது, சனிக்கிழமை விடியற்காலம். நான் போனில் பஞ்சாங்கம் பார்த்தேன். 14-11-1992.

இரண்டு வருடம் ஐந்து மாதம். பாண்டி என்னைவிட ஆறு மாதம் இளையவன். இவனைத்தான் நாங்கள் பன்னிரண்டு வருடம் தாத்தா என்று கூப்பிட்டோம்.

வீட்டுக்குப் போனதும் என் அம்மாவிடம் சொன்னேன். அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். "ஆமா, தெரியுமே. அதுக்கென்ன இப்ப?" என்று குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பாண்டிக்கு மட்டும் தெரியாது. அவனுக்கு ஏற்கனவே தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

பாண்டியின் மனைவி ஜோதிகா போடியைச் சேர்ந்த பெண். கேட்டதும் அவள் முதலில் நம்பவில்லை. நம்பியதும் பீரோவைத் திறந்து ஜாதக நோட்டை எடுத்து வந்தாள்.

"அப்ப நம்ம கல்யாணத்துக்கு யாரு ஜாதகத்தைப் பாத்தாக?"

பாண்டி அம்மாவைப் பார்த்தான். "இவனுக்கு எழுதலைம்மா. மூத்தவனுக்கு எழுதி வச்சிருந்தது ஒன்னுதான் இருந்துச்சு" என்றார் அத்தை.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு சொன்னாகளே! அது அந்தப் பச்சப்புள்ளைக்கும் எனக்குமா?"

ஜோதிகா விரல் மடக்கி எண்ணினாள். அவள் 1993 ஜூலையில் பிறந்தவள். "அப்ப நீங்க என்னைவிட எட்டு மாசந்தான் மூத்தவுகளா? மூணு வருசம் மூத்தவுகன்னு நெனைச்சுல்ல இத்தனை நாளும் எதுத்துப் பேசாம இருந்தேன்!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நோட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைத் திரும்ப எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

மறுநாள் என் கடையிலிருந்து ஹம்சக்கோயாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"எடா தேனி, இந்தக் கதய ஞான் எத்ர பேர் கிட்ட கேட்டிருக்கேன்னு அறியாமோ? எல்லாரும் ரெண்டு வயசு கொறைச்சுத்தான் வரும். நீ முப்பத்தஞ்சுல வந்து கொறைக்கணுமா?"

"கோயாக்கா, சத்தியமா சொல்றேன்."

"எல்லாரும் சத்தியமாத்தான் பறயும். முப்பத்தஞ்சுன்னு எழுதியே வா. எனக்கு உன் கால் மதி, அது போதும்."

அவன் ஏற்கனவே பதிவான ஆட்டக்காரன் என்பதால் பழைய எண்ணையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் வைத்து ஹம்சக்கோயா எப்படியோ பதிவை முடித்துவிட்டார். ஆனாலும் பாண்டிக்கு மனம் ஆறவில்லை. கால்பந்துச் சங்கத்துக்கு நடந்ததை எழுதி, இறப்புப் பதிவின் நகலையும் சேர்த்து என்னை மெயில் அனுப்பச் சொன்னான். இரண்டு வரியில் பதில் வந்தது: வயதைக் குறைக்கக் கோரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை. தேனியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போய், எக்ஸ்ரே எடுத்து வயது சொல்ல முடியுமா என்று கேட்டான். இருபதுக்குள் இருந்தால் சொல்லலாம், வளர்ச்சி நின்ற எலும்பில் முப்பத்திரண்டும் முப்பத்தைந்தும் ஒன்றுதான் என்று அவர் சொல்லிவிட்டார். "அப்பவே வந்திருக்கணும் தம்பி" என்றாராம். எல்லாரும் அவனிடம் அதையேதான் சொன்னார்கள்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். தாமதப் பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்கு மூத்தவனின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அதை வாங்கிய அன்று நான் கூடவே இருந்தேன். கெட்டிக் காகிதத்தில், அரசு முத்திரையோடு, அவன் பெயரில் ஒரு இறப்புச் சான்றிதழ். வீட்டுக்குக் கொண்டுபோனோம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன போட்டிருக்கு? படி" என்றார்.

பாண்டி படித்தான். தன் பெயர் வரும் இடத்தை வேகமாகக் கடந்தான். தேதியைப் படித்ததும் அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னைக்கு?"

"ஏப்ரல் பத்தொம்பது. சித்திரை ஆறு."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாண்டி பிறந்தபின் மூத்தவனுக்கென்று அவர் எதுவும் செய்ததில்லை. விளக்கு வைத்ததில்லை, நாள் பார்த்ததில்லை. போனவனே வந்துவிட்டான் என்று நம்பியவர் எதற்குச் செய்வார்? இப்போது பேரன் எடுக்கும் வயதில், முப்பத்துநான்கு வருடம் கழித்து, பிள்ளை போய்விட்டான் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டவர்போல அழுதார். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாயக்காளே தடி ஊன்றி வந்துவிட்டாள். பாண்டி அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கனதானே ஆத்தா இருக்கேன், இங்கனதானே இருக்கேன்" என்றான். அத்தை அவன் முகத்தைத் தடவிப் பார்த்து, "நீ அவன் இல்லையே அய்யா" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் மண்டிக்குப் போகவில்லை. பாண்டி ஓடப் போகவில்லை.

விண்ணப்பத்தை என் கடையில்தான் நிரப்பினோம். பிறந்த தேதி, இடம், தாய், தந்தை என்று வரிசையாக அடித்துக்கொண்டு வந்து குழந்தையின் பெயர் என்ற இடத்தில் நிறுத்தினேன். "இப்ப நெனைச்சா எந்தப் பேரும் வைக்கலாம் மாப்ள" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே டோக்கன் வாங்கிய இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"விஜயபாண்டின்னே போடு. வேற பேரைச் சொல்லிக் கிரவுண்டுல யாராவது கத்துனா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

செப்டம்பரில் குமுளி வழியாக மலப்புறம் போய்ச் சேர்ந்தான். ஆர்.டி.ஓ. விசாரணை நாளுக்கு மட்டும் பஸ் பிடித்து வந்தான். அதிகாரி, "இத்தனை வருசமா ஏன்மா பதியலை?" என்று கேட்டார். "அவன்தான் இவன்னு நெனைச்சுட்டோம் சார்" என்றார் அத்தை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அப்புறம் மாயக்காளைக் கூப்பிட்டார். அவள் மழையில் ஆரம்பித்தாள். அன்று தெருவில் மிதந்து போன ஆட்டுக்குட்டிவரை சொன்னாள்.

டிசம்பரில் அவன் ஆடிய ஒரு ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகக் கடையில் வைத்துப் பார்த்தேன். நன்றாக ஆடினான். ஓரத்தில் பந்தோடு ஓடும் எதிரணியின் இருபத்து மூன்று வயது விங்கர் ஒருவனை மூன்று முறை ஓடிப் பிடித்தான். வர்ணனை செய்தவர் ஒவ்வொரு முறையும் "முப்பத்தஞ்சு வயசு" என்று மலையாளத்தில் வியந்தார். எழுபதாவது நிமிடத்தில் மாற்று ஆளை இறக்கப் பலகையில் அவன் எண்ணைத் தூக்கினார்கள். கோச்சைப் பார்த்து, "நானா?" என்பதுபோல நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கோச் கை தட்டிக்கொண்டே வா என்றார். ரசிகர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள், வயதான ஆட்டக்காரருக்குத் தட்டுவதுபோல. பாண்டி தலைகுனிந்து நடந்து வந்தான்.

சாயங்காலம் போன் செய்தான். "ஏன்டா எடுத்தாக?" என்று கேட்டேன்.

"இந்த வயசுக்கு இது போதும்னாரு கோச்."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்ல?"

ஜனவரி மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. விஜயபாண்டி, ஆண், 14-11-1992. பிறப்புச் சான்றிதழை நானே பிரிண்ட் எடுத்தேன், அத்தையிடம் ஒன்று கொடுத்தேன், அவனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அந்த ஃபோல்டரில் 11-06-1990 என்றிருந்த பழைய ஃபைல்களை அழிக்கலாமா என்று கேட்டேன். ஒப்பந்தம் மே மாதம்வரை அந்தத் தேதியில்தான் ஓடுகிறது, அதுவரை வைத்திரு என்றான். மே முடிந்ததும் புதுச் சான்றிதழைச் சங்கத்துக்கு அனுப்பப்போகிறானாம். இரண்டு தேதி வைத்திருந்ததாகச் சொல்லித் தடை போட்டாலும் போடட்டும் என்கிறான். ஜோதிகா வேண்டாம் என்கிறாள்.

நேற்றுப் பேசும்போது, பயிற்சி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "சுருளி, எனக்கு முப்பத்து மூணுதான்டா ஆகுது" என்றான். ஆறு மாதமாகத் தன் வயதை என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்னும் முதல்முறை சொல்வதுபோலத்தான் சொல்கிறான்.